பெயரில்லாதவருக்குப் பரிசு!

திறமை ஒன்றே அளவுகோல் என்று தேனொழுகப் பேசுவர், ஹாலிவுட்டின் ஆஸ்கார் மேடையிலே. 1957 மார்ச்சில் அம்மேடையில் நடந்ததென்ன, தோழர்களே?

'தி பிரேவ் ஒன்' படத்துக்காகச் சிறந்த கதாசிரியர் ராபர்ட் ரிச் என்றனர். அவர் வரவில்லை. எப்படி வருவார்? அப்படியொரு எழுத்தாளரே இல்லை! எழுதியவர் டால்டன் டிரம்போ. 'நீ பொதுவுடைமைக் கட்சியினனா?' என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு 1947-இல் கேட்டபோது பதிலளிக்க மறுத்து, 1950-இல் சிறை புகுந்தவர். கறுப்புப் பட்டியல் அவர் பெயரைப் பறித்தது. பேனாவைப் பறிக்க இயலவில்லை!

அக்கட்சியினருக்கும், குழுவுக்குப் பதிலளிக்க மறுத்தோருக்கும் பரிசில்லை என்று அவ்வாண்டு விதியே வகுத்திருந்தது அகாடமி. மைக்கேல் வில்சனின் 'பிரண்ட்லி பெர்சுவேஷன்' திரைக்கதை பரிந்துரை பெற்றது. எழுதிய கையோ தகுதியற்றதெனத் தள்ளப்பட்டது! கதை வேண்டுமாம், கருத்துடையவன் வேண்டாமாம். கனி இனிக்கிறதாம், மரம் கசக்கிறதாம்!

1959-இல் விதி வீழ்ந்தது. எனினும், டிரம்போவின் கைக்குப் பரிசு வந்தது 1975-இல். மறு ஆண்டே அவர் மறைந்தார். எழுத்தின் தரம் அறிய ஓரிரவு போதுமாயிற்று. எழுதியவனை ஏற்க 18 ஆண்டுகள் தேவைப்பட்டன!

பரிசுப் பட்டியலைப் படிக்கும் தோழர்களே, அதிலே இல்லாத பெயர்களையும் தேடுங்கள். ஆட்சியின் அச்சம் அங்கேதான் ஒளிந்திருக்கும்!