தவறியது குழந்தையா?

என் பத்திரிகை வாழ்வில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகின்ற ஒரு தலைப்பு உண்டு: 'கிணற்றில் தவறி வீழ்ந்து குழந்தை பலி'. வன்னி நிருபர் தொலைபேசியில் ஊரையும் வயதையும் சொல்வார். ஒற்றைப் பத்தியில் ஆறு வரி. உள்பக்கத்தில் இடம் மிஞ்சினால் வரும், இல்லையேல் மறுநாள். 'தவறி' என்ற சொல்லைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இரண்டு வயதுக் குழந்தையின் தலையில் தவறைச் சுமத்திவிட்டு, அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

பூநகரியை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மணற்பாங்கான தரை, கரையோரமெங்கும் உவர். தோண்டிய கிணறு உவர்த்தால் சற்றுத் தள்ளி இன்னொன்று தோண்டுவார்கள். பழையதை யார் மூடுகிறார்கள்? கட்டு இல்லாத துரவும் பூவலும் அப்படியே கிடக்கும். 2008இல் சனம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தது. யுத்தம் முடிந்து மீண்டபோது வளவெல்லாம் பற்றைக்காடு. கண்ணிவெடிக்குச் சிவப்புப் பலகை நட்டார்கள். பற்றைக்குள் வாய்பிளந்து கிடந்த கிணற்றுக்கு ஒருவரும் பலகை நடவில்லை.

வேலியின் அருமை அறியாதவர்களா நாம்? எல்லைக் கதியால் ஒரு சாண் நகர்ந்தால் கோடேறி, பேரன் காலம்வரை வழக்காடிய சமூகம் இது. ஆனால் நம் வேலியெல்லாம் வெளியாருக்கு எதிரானது. கள்ளனும் கட்டாக்காலி மாடும் உள்ளே வராமல் அடைத்துவிட்டு, குழந்தையையும் கிணற்றையும் ஒரே வளவுக்குள் தனியே விட்டுவிடுகிறோம்.

சிட்னியில் வாழும் நம் உறவுகளைக் கேட்டுப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸில் 1992ஆம் ஆண்டின் நீச்சல் தடாகச் சட்டம் ஒன்று உண்டு. முப்பது சென்ரிமீற்றருக்கு மேல் நீர் நிற்கக்கூடிய தடாகமென்றால், காற்றடித்து வைக்கும் பிளாஸ்ரிக் தொட்டியானாலும் வேலி வேண்டும். உயரம் குறைந்தது 1.2 மீற்றர். படலை தடாகத்துக்கு எதிர்ப்புறமாகத் திறந்து, கைவிட்டதும் தானாகச் சாத்திக் கொளுவிக்கொள்ள வேண்டும். கொளுக்கி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். வேலியருகே ஏறி நிற்கத் தோதாக எதுவும் இருத்தலாகாது. வளவைச் சுற்றிய வேலியைவிட, தடாகத்தை மட்டும் நான்கு புறமும் தனித்து அடைக்கும் வேலியே சிறந்த காப்பு என்பதை 1998இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வும் எடுத்துக்காட்டியது.

இந்த அளவுகோலோடு நம் கிணற்றடிக்கு வாருங்கள். "எங்கட கிணற்றுக்குக் கட்டு இருக்குது" என்பீர்கள். இருக்கிறது, அதன் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியும், உடுப்புத் தோய்க்கும் கல்லும், கவிழ்த்த வாளியும் இருக்கின்றன. மூன்று வயதுக் குழந்தைக்கு அவை மூன்றும் படிக்கட்டு.

"தாய் எங்கே போனாள்?" என்பதே செத்தவீட்டில் எழும் முதற் கேள்வி. அவள் அடுப்படியில் நின்றாள். அல்லது கூலிவேலைக்குப் போனாள். தந்தை எங்கே என்று எவரும் கேட்பதில்லை. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. ஒரு சில நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். எந்தத் தாயின் கண்ணும் இமைக்காதிருப்பதில்லை. அந்த இமைப்பொழுதுக்காகத்தான் வேலி. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021இல் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். அவர்களில் நான்கிலொரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டோர். அத்தனையும் விதியா?

சட்டம் எழுதிவிட்டால் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடவேண்டுமென இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் விதித்தது. 2019 ஒக்ரோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் ஓர் ஆழ்துளைக் கிணறு இரண்டு வயதுக் குழந்தையை விழுங்கியது. உலகத் தமிழரெல்லாம் நான்கு நாட்கள் தொலைக்காட்சி முன் அழுதோம்.

ஆகவே பிரதேச சபையிடம் கேட்பது ஒன்றுதான்: வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வழங்கும்போது கிணற்றையும் பாருங்கள், பாழ்கிணறுகளைக் கிராம அலுவலர் வழியாகக் கணக்கெடுத்து மூடுவியுங்கள். கோபுரத் திருப்பணிக்குக் காசனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளிடமும் கேட்கிறேன்: உங்கள் ஆளில்லா வளவுக் கிணற்றுக்கு மூடி போட்டாயிற்றா? பெருஞ்செலவில்லை. நான்கு பனங்குற்றி, ஒரு சுருள் கம்பிவலை, ஒரு படலை. தானாகச் சாத்துவதற்கு விசைச்சுருள் வாங்கவும் வேண்டாம். துலாவுக்குப் பாரம் கட்டத் தெரிந்தவர்களுக்குப் படலைக்கு ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடத் தெரியும்.