கேட்டறிந்து செய்யும் உதவி

மொன்றியல் நகரில் 1988ஆம் ஆண்டு எமெட் ஜோன்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர், கடன்பட்டு வாங்கிய வாகனமொன்றில் வீதிவாழ் இளையோரை இரவில் தேடிச் செல்லத் தொடங்கினார். இளையோர் அவரைப் 'பொப்ஸ்' என்று அழைத்தனர். அவர் நிறுவிய 'டான் லா ரூ' அமைப்பு 1993இல் இரவுத் தங்குமிடத்தையும் 1997இல் பகல்நேர நிலையத்தையும் திறந்தது. 2018இல் அவர் மறைந்த பின்னரும் அப்பணி தொடர்கின்றது.

வீடின்மை, போதைப்பழக்கம், உளநோய், இடைநின்ற கல்வி ஆகியன ஒருவரிடமே பின்னிக் கிடக்கும்போது உணவுப்பொதி மட்டும் போதாது. ஆகவேதான் உணவு, உளவள ஆலோசனை, பாடசாலை, வீடு தேடல் என அவரவர் தேவைக்கேற்ப அங்கு உதவி அமைகின்றது.

1983இன் பின்னர் இந்நகருக்கு வந்த ஈழத்தமிழர், 2004 ஆழிப்பேரலையின்போது தாயகத்திற்கு வாரி வழங்கினர். அது பெருமைக்குரியது. ஆயினும் இந்நகரிலேயே, ஓட்டிச நிலையுள்ள பிள்ளையையோ உளநோயுற்ற இளைஞரையோ "நாலுபேர் என்ன சொல்வார்கள்" என்றஞ்சி மறைக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

அவர்களுக்கு வேண்டியது காசோலை மட்டுமன்று. ஒருவருக்குப் பிரெஞ்சுப் படிவம் நிரப்பத் துணை வேண்டும். இன்னொருவருக்கு மருத்துவரிடம் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். ஓய்வறியாத தாய்க்கு, வாரத்தில் இரண்டு மணிநேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவர் வேண்டும். எது வேண்டுமென்பதை அவர்களிடமே கேட்டறிதல் முதற்படி.

ஆலயங்களும் சங்கங்களும் இதனைப் பொறுப்பேற்கலாம்: குடும்பத்திற்கு ஒரு தொண்டர், ஓராண்டேனும் மாறாமல். பிரெஞ்சில் பயின்ற இளையோரே இதற்குப் பெரிதும் தகுதியானவர்கள். கேட்டதை வெளியிற் சொல்லாமை அவர்தம் கடமை. பெற்றோர் மறைப்பதை விடுத்து உதவி கேட்கத் துணியவேண்டும்; கேட்போரைச் சமூகம் இழிவாக நோக்கலாகாது.