மாசிக்கு முன்னால் ஒரு கொள்முதல் உத்தரவு

மசாலா நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

தருமபுரி மாவட்டத்தில் புளி தட்டும் பெண்கள் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். போன மகளிர் தினத்தன்று உங்கள் நிறுவனம் எங்களுக்கு இரண்டு தையல் இயந்திரங்கள் தந்தது. நன்றியோடு வாங்கிக்கொண்டோம். ஆனால் ஐயா, எங்களுக்குத் தெரிந்த தொழில் புளி. நீங்கள் மூட்டை மூட்டையாக வாங்குவதும் புளி.

மாசி, பங்குனியில் பழம் உலுக்குவார்கள். விலை இறங்கியிருப்பது அப்போதுதான். மரத்துக்காரர் கையில் ரொக்கம் கேட்பார், எங்களிடம் இருக்காது. வியாபாரி வாங்கிவந்து கொட்டுவார். நாங்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு உட்கார்ந்து ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை தட்டிக் கொடுப்போம். கொட்டையும் அவருக்கே, அதை மாவாக அரைக்கும் ஆலைகள் வாங்கிக்கொள்ளும். புளி குளிர்பதனக் கிடங்குக்குப் போய், நிறம் கறுக்காமல் இருந்து, விலை ஏறியபின் உங்களிடம் வருகிறது. அந்த ஏற்றத்தில் எங்களுக்கு ஒரு ரூபாயும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

மாசி பிறப்பதற்கு முன்பே எவ்வளவு வேண்டும், என்ன தரத்தில் வேண்டும், என்ன விலை என்று எழுதிக் கையெழுத்திட்டு, கால் பங்கு முன்பணம் கொடுங்கள். அந்தத் தாளைக் காட்டி மீதியை வங்கியில் நாங்கள் கேட்போம். பழம் எங்கள் பேரில் களத்துக்கு வரும். கிடங்கு வாடகை போகவும் நீங்கள் மண்டியில் கொடுப்பதைவிடக் குறைத்தே தரமுடியும். எங்கள் கையில் கூலிக்கு மேல் நிற்கும். மூட்டையில் மண்ணோ கொட்டைச் சில்லோ இருந்தால் எந்தக் களத்துச் சரக்கு என்று அன்றே சொல்லிவிடுவோம். மண்டிச் சரக்கில் அது முடியாது.

பணம் வரும் நாள்தான் எங்களுக்குப் பயம். முன்பு ஒரு நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பினோம். ஐந்து மாதம் கழித்துப் பணம் வந்தது. அதற்குள் வங்கித் தவணைக்காகச் சிலர் தோட்டை அடகு வைத்துவிட்டார்கள். உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப்போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டுவட்டி. 2023-24 கணக்காண்டிலிருந்து, அப்படிக் கெடு தாண்டிய பாக்கியை உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் வருமான வரிக்குச் செலவாகக் காட்டமுடியும். உங்கள் கணக்கருக்கு இது தெரியும். ஆனாலும் சரக்கு வாங்குகிறவர்மேல் வழக்குப் போட எந்தக் குழு துணியும்?

பெண்கள் குழுவை நம்பிப் பெரிய நிறுவனம் இறங்குவது புதிதல்ல. 2000களின் தொடக்கத்தில் நல்கொண்டா மாவட்டத்தில் இந்துஸ்தான் லீவர் ‘சக்தி’ திட்டத்தைத் தொடங்கி, குழுப் பெண்களைக் கொண்டு சோப்பும் ஷாம்பூவும் விற்றது. விநியோக வண்டி எட்டாத ஊர்களுக்கெல்லாம் அதன் சரக்கு போனது. விற்கத் தெரிந்த பெண்களுக்குத் தயாரித்துத் தரவும் தெரியும் ஐயா. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989இல் முளைத்ததே எங்கள் தருமபுரியில்தான். சேமிப்பும் கடனும் திருப்பியதும் வரிவரியாக எழுதிய நோட்டுகள் எங்களிடம் உள்ளன. உங்கள் கொள்முதல் அதிகாரி ஒருநாள் வந்து அவற்றைப் புரட்டிப் பார்க்கட்டும்.

இது மார்கழி. மரத்தில் காய் இன்னும் பழுக்கவில்லை.

இப்படிக்கு,
குழுவின் கணக்காளர்