வீட்டில் வாயாடி... வகுப்பில் மௌனம்!

பெற்றோர் - ஆசிரியர் கூட்டம். எல்.கே.ஜி மிஸ் தயங்கித் தயங்கிக் கேட்கிறார், ''தப்பா எடுத்துக்காதீங்க... உங்க பொண்ணுக்குப் பேச்சு வருமா?''

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. வீட்டில் தாத்தாவோடு சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பவள், டி.வி பாட்டுக்குக் கூடவே பாடுபவள், தம்பியை அதட்டி உட்காரவைப்பவள்... அவளா பேசவில்லை? செல்போனில் வீடியோவைக் காட்டினால், இப்போது அதிர்வது மிஸ். ''இவ்ளோ பேசுறவ, இங்க மட்டும் ஏன் வாயே திறக்கல? பிடிவாதம்தான்!''

பல வீடுகளிலும் வகுப்புகளிலும் கடைசியில் இந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள். அந்தக் குழந்தைக்கு நாம் செய்யும் முதல் தவறும் அதுதான்.

இந்தப் பிரச்னைக்கு 'செலக்டிவ் மியூட்டிசம்' என்று பெயர். பேசத் தெரிந்த குழந்தை, சில இடங்களில், சிலர் முன்னால் மட்டும் பேச முடியாமல் போவது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். ஆனால், பள்ளியில் சேர்த்த பிறகுதான் வெளியில் தெரியும்.

'பிடிவாதம்' என்று நினைப்பதில் நாம் மட்டும் விதிவிலக்கல்ல, மருத்துவ உலகமும் நீண்டகாலம் அப்படித்தான் நினைத்தது. 1877-ல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் இதற்குச் சூட்டிய பெயரே, 'தானாக விரும்பிப் பேசாமலிருப்பது' என்ற பொருளில்தான் இருந்தது. 2013-ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேடு, இதைப் பதற்றக் கோளாறுகளின் பட்டியலில் சேர்த்தது. அதாவது, குழந்தை பேச மறுக்கவில்லை. பயத்தில் தொண்டை பூட்டிக்கொள்கிறது.

இந்தப் பயத்தின் விலை மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. ''பாத்ரூம் போகணும் மிஸ்'' என்று கேட்க முடியாமல் உடையிலேயே போய்விட்டு, அவமானத்தில் கூனிக்குறுகும் குழந்தைகள் உண்டு. கீழே விழுந்து அடிபட்டாலும், யாராவது கிள்ளினாலும் சொல்ல முடியாது. அதனால்தான், 'வளர்ந்தா சரியாயிடும்' என்று வருடக்கணக்கில் காத்திருக்கக் கூடாது என்கிறோம்.

எப்போது கவனிக்க வேண்டும்?

பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் எந்தக் குழந்தைக்கும் மிரட்சி இருக்கும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் மௌனம் நீடித்தால் கவனியுங்கள். புதிய மொழி பழகும் குழந்தையும் கொஞ்சகாலம் பேசாது. ஆனால், தமிழ் தெரிந்த தோழியிடம் தமிழில்கூடப் பேசவில்லை என்றால் யோசிக்க வேண்டும். காது கேட்பதில் குறை இருக்கிறதா, ஆட்டிசம் போன்ற வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

என்ன செய்யக் கூடாது?

''ஆன்ட்டிக்கு ஹலோ சொல்லு'' என்று நாலு பேர் முன்னால் நிறுத்தாதீர்கள். ''பேசினா சாக்லேட்'' என்று பேரம் பேசாதீர்கள். வசம்பைத் தேடிப் பாட்டி கிளம்பினால் அன்பாகத் தடுத்துவிடுங்கள். சிக்கல் நாக்கில் இல்லை. இன்னொன்று... குழந்தைக்குப் பதிலாக நாமே முந்திக்கொண்டு பதில் சொல்வது. இது அந்த நேரத்துக்கு உதவி மாதிரி தெரியும். ஆனால், 'நான் பேசாமலே சமாளிக்கலாம்' என்றே குழந்தை பழகிவிடும்.

என்ன செய்யலாம்?

பள்ளி முடிந்ததும் காலியான வகுப்பறையில் அம்மாவும் குழந்தையும் கால் மணி நேரம் விளையாடலாம். குழந்தை சகஜமாகப் பேசத் தொடங்கியதும், மிஸ் உள்ளே வந்து தூரத்தில் தன் வேலையைப் பார்க்கட்டும். குழந்தையை உற்றுப் பார்க்க வேண்டாம். அடுத்தடுத்த நாள்களில் கொஞ்சம் பக்கத்தில், பிறகு விளையாட்டுக்குள். மிஸ்ஸிடம் பேச்சு வந்த பிறகு அம்மா கதவருகே, அப்புறம் வெளியே. இப்படி ஒவ்வொரு படியாக ஏற்றுவதுதான் சிகிச்சையின் அடிப்படை. ஒரு படியில் பயந்தால், முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டெண்டன்ஸுக்குக் கை தூக்கினால் இப்போதைக்குப் போதும். பாத்ரூம் போக ஒரு படச்சீட்டு கொடுத்துவையுங்கள். ''என்ன வரைஞ்சிருக்கே?'' என்று கேட்பதைவிட, ''அட, மயில் வரைஞ்சிருக்கியே!'' என்று சொல்வது பதற்றத்தைக் குறைக்கும். பழகிய பிறகு ''சிவப்பா, நீலமா?'' என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். முதல் வார்த்தை வரும் நாளில், ''ஐயோ, பேசிட்டா!'' என்று வகுப்பே கைதட்ட வேண்டாம். அந்தக் கைதட்டலே அடுத்த வார்த்தையை உள்ளே தள்ளிவிடும். எப்போதும்போல் பேச்சைத் தொடருங்கள்.

வீட்டு முயற்சியோடு நிறுத்தாமல், குழந்தைகள் மனநல மருத்துவரையோ உளவியல் நிபுணரையோ பாருங்கள். எங்கே போவது என்று தெரியவில்லையா? மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ, அவ்வளவு நல்லது.

இன்று மாலை குழந்தை வீடு திரும்பியதும், ''இன்னைக்காவது பேசினியா?'' என்று கேட்காதீர்கள். ''பேச வரலைன்னா பரவாயில்லடா. மெதுவாப் பழகிக்கலாம், அம்மா கூட இருக்கேன்'' என்று சொல்லுங்கள். நாள் முழுக்க அடக்கிவைத்த பயம் கொஞ்சம் இறங்கட்டும்.