கழற்றி மாட்டும் வில்

“அறுபத்தாறு அங்குலமா! அதை எதுக்குள்ள வைக்கிறதாம்? உங்களை வேணா ரெண்டா மடிச்சு வெச்சுடலாம். அதை மடிக்க முடியாதே!” என்றாள் என் மனைவி.

நியாயமான கேள்விதான். ஊருக்குக் கிளம்ப இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆனால் என் மனைவி, போய் இறங்கிய மறுநாளே திரும்பி வருவதற்குப் பெட்டி அடுக்க ஆரம்பிக்கிற ஜாதி. மகள் வீட்டு ஹாலில் நாலு பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. பாதாம், சாக்லேட், சம்பந்திக்கு ஸ்வெட்டர், யார் யாருக்கோ வைட்டமின் மாத்திரை. இதில் வில்லுக்கு ஏது இடம்?

இது 2022-ல் மிச்சிகனில் நடந்தது. பேத்தியைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போகிற தாத்தாக்களுக்கு அங்கே விதிக்கப்பட்ட வேலைகள் மூன்று. துணி மடிப்பது, நடப்பது, யாராவது தமிழ் பேசுகிறார்களா என்று கடையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது. எனக்கு நாலாவதாக ஒன்று வாய்த்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வில் செய்கிறவர். வயது 78. தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் நிற்க வேண்டிய கொட்டகையில் கார் நிற்காது. மரச் சீவலும் பசை வாசனையும்தான் நிற்கும். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தேன். மறுநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒரு வாரத்தில் என் இடது முன்கை முழுக்க நாண் அடித்து நீலம் பாரித்தது. மகள் போட்டோ எடுத்து மாப்பிள்ளையிடம் காட்டிச் சிரித்தாள்.

ஒலிம்பிக்ஸில் பார்க்கிறோமே, குறி பார்க்கிற கம்பியும் ஆடாமலிருக்க நீட்டிக்கொண்டிருக்கிற தடியுமாக, அந்த வில் இல்லை இது. லாங்போ. ஒரு குச்சி, ஒரு கயிறு, அவ்வளவுதான். குறி பார்க்கிற வேலையை உங்கள் கண்ணும் கர்மாவும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1938-ல் வந்த ராபின் ஹூட் படத்தில் எரால் ஃப்ளின்னுக்காக அம்பு விட்ட ஹோவர்ட் ஹில் வைத்திருந்தது இந்த ஜாதிதான். நடுவில் பிடி மட்டும் விறைப்பாக இருக்கும், இரண்டு கைகளும் வளையும்.

“உனக்கு ஒன்று செய்து தருகிறேன்” என்றார் பெரியவர். கை நடுக்கம் வந்துவிட்டதாம், இதுதான் கடைசி வில்லாம். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொண்டுபோகவும் வழி தெரியவில்லை. விமானக் கம்பெனிக்காரர்கள் பெட்டிக்கு வழக்கமாக வைத்திருக்கிற கணக்கு, நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 62 அங்குலம். வில்லின் நீளமே 66. மிஞ்சினால் தனிக் கட்டணம், தனி வரிசை, தனி விளக்கம். சரி, சென்னைக்கு வந்துவிட்டதாகவே வையுங்கள். ஆட்டோவில் அது எந்தப் பக்கமாக நீட்டிக்கொண்டு போகும்?

“ரெண்டாகக் கழற்றுகிற மாதிரி செய்ய முடியுமா?” என்று கேட்டேன்.

பெரியவர் என்னைப் பார்த்த பார்வை, கோயிலில் செருப்போடு நுழைந்தவனைக் குருக்கள் பார்க்கிற பார்வை.

“1545-ல் மூழ்கின மேரி ரோஸ் கப்பலை 1982-ல் தூக்கினார்கள். அதிலிருந்து 130-க்கு மேல் முழு வில்கள் கிடைத்தன. எல்லாம் யூ மரம், ஆளை விட உயரம். ஒன்றாவது நடுவில் கழன்றதா?” என்றார்.

நான் சும்மா இருப்பேனா? ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டுப் போனேன். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கனவான்களும் சீமாட்டிகளும் குதிரை வண்டியில் எடுத்துப்போக இரண்டு துண்டு வில் வைத்திருந்தார்கள். பிடியில் உலோகக் குழாய், அதில் சொருக வேண்டியது. பெயரே வண்டி வில். அதற்கும் முன்னாலேயே நம் வட இந்தியாவில் முழுக்க எஃகில் செய்த வில்கள் இருந்தன. அவற்றில் சிலவற்றுக்குப் பிடி நடுவில் திருகு. திருகினால் இரண்டு. மிதிலையில் ராமரும் வில்லை இரண்டாக்கினார் என்று சொல்ல வாயெடுத்தேன். அது மறுபடி சேராத ஜாதி என்பதால் விட்டுவிட்டேன்.

எஃகு வில் சமாசாரத்தில்தான் பெரியவர் விழுந்தார். “திருகா?” என்று இரண்டு தரம் கேட்டார். “சரி. ஆனால் எந்த இணைப்பு என்று நீதான் சொல்ல வேண்டும். என் வில்லை வெட்டுகிற பாவம் என் ஒருத்தன் தலையில் வேண்டாம்.”

இப்படியாக, ஆணி அடிக்கச் சொன்னால் விரலில் அடித்துக்கொள்கிற நான், வில் இணைப்பு நிபுணன் ஆனேன்.

நீங்கள் கேட்கலாம், நடுவில் வெட்டினால் வில் பலவீனமாகிவிடாதா என்று. வில்லை இழுக்கும்போது வளைக்கிற விசை மிக அதிகமாக விழுவது பிடியில்தான். உங்களைப் பார்த்த பக்கம் வில்லின் வயிறு, அது நெரிபடும். இலக்கைப் பார்த்த பக்கம் முதுகு, அது இழுபடும். ஆகவே அங்கே வைக்கிற இணைப்பு எப்போதும் முதுகுப் பக்கமாக வாய் திறக்கப் பார்க்கும். அதைத் திறக்க விடாமல் பிடிப்பது எது என்பதுதான் மொத்தக் கேள்வியும்.

கீல் வைத்து மடக்குகிற வகை ஒன்று உண்டு. “அது கதவு” என்று பெரியவர் தள்ளிவிட்டார்.

அடுத்தது, உள்ளே பொதிக்கிற உலோகப் பூட்டு. ஒரு துண்டில் ஆண், ஒரு துண்டில் பெண். வெளியே பார்த்தால் மெல்லிய கோடு மட்டும் தெரியும், பிடியின் வடிவம் கெடாது. கையில் கொஞ்சம் கனம் கூடும். கனம் இருந்தால் கை ஆடாது என்று அதைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் பொதிப்பதற்கு மரத்தைத் துல்லியமாகக் குடைய வேண்டும். பெரியவர் பேசாமல் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. நான் அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

மிச்சம் இருந்தது உறை. பழைய வண்டி வில்லின் பேரன். ஒரு துண்டின் முனையில் உறை நிரந்தரமாக ஒட்டியிருக்கும், மற்றத் துண்டு அதற்குள் கத்தி மாதிரி போய் உட்காரும். திருகு இல்லை, சாவி இல்லை, தொலைப்பதற்கு எதுவும் இல்லை. மாத்திரை டப்பாவையே வாரம் ஒரு தரம் தொலைக்கிற எனக்கு இதுதான் லாயக்கு. உறை முட்டை வடிவத்தில் இருப்பதால் துண்டுகள் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பிக்கொள்ளவும் வழியில்லை. குறை என்னவென்றால் பிடி கொஞ்சம் தடிக்கும். பித்தளையா, எஃகா? எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். பால்கனிக் கம்பி வருஷா வருஷம் துருப்பிடிக்கிறது. பித்தளை பச்சை பிடிக்கும். ஆகவே கார்பன் நார் என்று தீர்ப்புச் சொன்னேன்.

பெரியவர் முதலில் வில்லை முழுசாகவே செய்தார். மூங்கில் பட்டைகள், முன்னும் பின்னும் ஃபைபர்கிளாஸ். 28 அங்குலம் இழுத்தால் 40 பவுண்டு. என் கைக்கு 25 அங்குலம்தான் வரும், அதற்கு 33 பவுண்டு போல. அன்றைக்கு அந்த முழு வில்லில் ஆறு அம்பு விட்டேன். பெரியவர் ஒன்று விட்டார்.

மறுநாள் ரம்பம். வில்லை நான் பிடித்துக்கொண்டேன், அவர் அறுத்தார். பாதியில் நிறுத்தி ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிறகு அறுத்தார். எனக்கு எச்சில் விழுங்கக்கூடத் தோன்றவில்லை.

அப்புறம் இரண்டு துண்டுகளையும் நேர்ப்பலகையில் சேர்த்து வைத்து, முனைக்கு முனை நூல் கட்டி, அரை நாள் பார்த்தார். பிடியில் ஒரே ஒரு டிகிரி பிசகினால் 33 அங்குலம் தள்ளியிருக்கிற நுனியில் அரை அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். விலகினால் நாண் நடுவில் ஓடாது, அம்பு பேச்சைக் கேட்காது. ஒரு துண்டில் மெழுகு தேய்த்துப் பிளாஸ்டிக் தாள் சுற்றி, அது ஒட்டாதபடி செய்துகொண்டு, இரண்டின் மேலும் கார்பன் துணியை எபாக்ஸியில் நனைத்துச் சுற்று மேல் சுற்றாகச் சுற்றினார். இறுகின பிறகு இழுத்தால் ஒரு பக்கம் கழன்று வந்தது. பேத்தி கை தட்டினாள்.

மாட்டி, நாண் ஏற்றி, அம்பு விட்டேன். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

“பிளாஸ்டிக் தாள் இருந்த இடம், அந்த அளவு இடைவெளி வேண்டும்” என்றார் பெரியவர்.

எனக்குத்தான் அடங்கவில்லை. நிபுணன் ஆயிற்றே! “சத்தம் வரக் கூடாது, இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும்” என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், உள்ளே போகிற முனையின் மேல் இன்னொரு பூச்சு எபாக்ஸி கொடுத்தார். சத்தம் நின்றது. கழற்றினால் 36 அங்குலக் குழாய்ப் பெட்டிக்குள் சாதுவாகப் படுத்துக்கொண்டது. என் மனைவி அந்தக் குழாயின் மிச்ச இடத்தில் நாலு துண்டு டவல் திணித்தாள்.

நவம்பரில் சென்னையில் இறங்கினோம். அடைமழை. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி மைதானத்துக்குப் போனேன். தோள்பையில் வில், சிட்டி பஸ்ஸில் உட்கார்ந்து! ஆளுக்காள் கேட்டார்கள். பையிலிருந்து இரண்டு துண்டை எடுத்துச் சொருகி நாண் ஏற்றினபோது இளவட்டங்கள் சுற்றி நின்று பார்த்தது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

கிளம்பும்போது கழற்றினேன். கழலவில்லை.

காலை மடக்கி இழுத்தேன். வரவில்லை. இரண்டு பையன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ஒரு பையன் உட்கார்ந்துவிட்டான், வில் அப்படியே இருந்தது. சுத்தியல் இருக்கிறதா என்றான் இன்னொருவன். பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். கடைசியில் 66 அங்குலமும் ஆட்டோவில் ஏறி, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு வந்தது. டிரைவர், “சார், சிக்னல்ல அந்தப் பக்கம் பைக்காரனைப் பார்த்துக்குங்க” என்றார்.

ராத்திரி மிச்சிகனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். ஆறு மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

“உங்கள் ஊர் ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது. நீ கேட்டாயே ஒரு பூச்சு, அது எனக்கு மிச்சமாகத்தான் பட்டது. அடிக்காதே, முறுக்காதே. ஏசி அறையில் வைத்து உலரவிடு. இரண்டு பேராக நேர்க்கோட்டில் இழு. கழன்றதும் அந்தக் கடைசிப் பூச்சைப் பொடி உப்புக் காகிதத்தால் எடுத்துவிட்டு மெழுகு போடு. ‘டிக்’ என்றால் என்னட்டும்” என்றார்.

இரண்டு நாள் வில் எங்கள் கட்டிலில் நடுவில் படுத்திருந்தது. அறையில் வேறு இடமில்லை. மூன்றாம் நாள் காலை நான் ஒரு பக்கம், என் மனைவி ஒரு பக்கம். “இந்த வயசுல கயிறு இழுக்கற போட்டி!” என்று சொல்லிக்கொண்டே அவள் இழுத்தாள். ‘டொப்’ என்று வந்தது.

உடனே போன் செய்தேன்.

“கழன்றுவிட்டதா?” என்றார்.

“கழன்றுவிட்டது.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.

“சரி. இன்றைக்கு ஒரு நாள் மறுபடி மாட்டியே வை” என்றார்.