கிளப் பாட்டா? காதைக் கழுவுங்க சார்!

ஆடி பிறந்தால் சேலம், நாமக்கல் பக்கம் மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர்களில் எல்.ஆர்.ஈஸ்வரிதான். பக்தியோடு கேட்கிறார்கள். அதே ஈஸ்வரி, அதே சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' (1966) படத்தில் வேதா இசையில் பாடிய 'பளிங்கினால் ஒரு மாளிகை'யைச் சொல்லிப் பாருங்கள்... "அதுவா? கிளப் டான்ஸ் பாட்டு" என்று உதட்டைப் பிதுக்குவார்கள்.

கிளப் திரையில்தானே இருக்கிறது? கண்ணை மூடிக் கேட்டால் கத்தல் இல்லை, குழைவுதான்.

1964-ல் வந்த 'கெட்ஸ்/ஜில்பெர்டோ' போஸா நோவா ஆல்பத்தில் ஆஸ்ட்ரூட் ஜில்பெர்டோ பாடியது இரண்டே பாட்டு. அதற்கு முன் அவர் தொழில்முறைப் பாடகிகூட இல்லை. அடுத்த வருடமே தனி ஆல்பம்! உலகமே 'ஆஹா, என்ன மென்மை' என்றது. அதே 1964-ல் 'சர்வர் சுந்தரம்' படத்துக்காக, விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் லத்தீன் தாளத்தில், டி.எம்.எஸ்.ஸுக்கு ஈடுகொடுத்துப் பாடியவருக்கு இங்கே கிடைத்த பட்டம் 'கிளப் பாடகி'. சினிமாவுக்கு வெளியே ஆல்பம் என்றால் அவரிடம் அம்மன் பாட்டுதான் கேட்டார்கள்.

"வேதா இந்தி மெட்டைச் சுட்டவராச்சே" என்று சிலர் கிளம்புவார்கள். சுட்டார்தான், யார் மறுத்தது? மெட்டு வேண்டுமானால் பம்பாயிலிருந்து வந்திருக்கலாம், அந்தக் குரல் எங்கிருந்து வந்ததாம்?