மழை அதிகம், வருமானம் குறைவு

2018-19ஆம் ஆண்டில் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பின்படி, பஞ்சாபில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் ரூ.26,701. ஜார்க்கண்டில் ரூ.4,895. கூலி, கால்நடை வரவு எல்லாம் சேர்த்தே இந்தத் தொகை. அகில இந்திய சராசரி ரூ.10,218. தமிழ்நாடு அதைச் சற்றே தாண்டி நிற்கிறது.

கிழக்கு மாநிலத்து விவசாயிகள் பாடுபடத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். பீகார், மேற்கு வங்காள ஆட்கள் ரயிலேறி வந்து தஞ்சைப் பகுதியில் நாற்று நடுவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மழையும் காரணமல்ல. ஜார்க்கண்டில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை பெய்கிறது; பஞ்சாபில் அதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் பஞ்சாபில் சாகுபடி நிலம் அநேகமாக முழுவதும் பாசன வசதி பெற்றது. ஜார்க்கண்டிலோ மேட்டுச் சரிவு நிலம். பெய்த நீர் ஓடிவிடுகிறது. பெரும்பாலும் மானாவாரி, ஒரு போக நெல்லோடு சரி. தாமோதர் திட்டத்தில் 1957இல் மைதான் அணையும், 1959இல் பஞ்சேத் அணையும் இப்பகுதியில்தான் எழுந்தன. நிலம் இழந்தவர்களில் பலர் இங்குள்ளவர்கள். வாய்க்கால் நீர் பெரும்பாலும் பாய்வது மேற்கு வங்காளத்து வயல்களில். வறட்சி மாவட்டம் என்று பெயர் வாங்கிய ஊர்களில், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விசாரிப்பது நல்லது.

பஞ்சாபில் ஒருவருக்குச் சராசரியாக மூன்றரை ஹெக்டேருக்கு மேல் நிலம் இருப்பதும் உண்மை. ஆயினும் நிலம் மட்டுமே வித்தியாசமல்ல. அங்கே கோதுமையும் நெல்லும் அரசு அறிவித்த விலைக்கே கொள்முதலாகின்றன. பீகாரிலோ 2006இல் விற்பனைக்கூடச் சட்டமே நீக்கப்பட்டது. சிறு விவசாயிகள் பலர் ஆதரவு விலைக்குக் குறைவாக வியாபாரியிடம் அளந்துவிடுகின்றனர்.

இலவச அரிசி பசியை ஆற்றும், வருமானத்தை உயர்த்தாது. ஜார்க்கண்ட் அரசு 2016இல் 'டோபா' என்னும் பண்ணைக் குட்டைகளைப் பெருமளவில் வெட்டத் தொடங்கியது நல்ல காரியமே. குட்டை நீரைக் கொண்டு நெல்லுக்குப் பின் கொண்டைக்கடலையோ காய்கறியோ எடுக்கலாம். ஆனால் விளைந்ததை நல்ல விலைக்கு எடுக்க அருகிலேயே விற்பனைக்கூடம் வேண்டும். பயறு வகைகளை நெல், கோதுமை அளவுக்கு அரசு கொள்முதல் செய்வதில்லை. கிழக்கு மாநிலங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு இந்தக் கொள்முதலுக்கே போகவேண்டும்.